மழைக்கு முன்னே எந்தத் தோட்டம்?

இந்தக் கதையில் திருடனும் கிடையாது, பொய்யனும் கிடையாது. எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சிக்கலே அதுதான். கடைசியில் கேள்வி உங்கள் தலையில்தான் விழப்போகிறது, ஆகவே கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

தாராபுரத்துக்குத் தெற்கே ஓர் ஊர். அந்த ஊர் உழவர் குழு சேர்ந்து வாங்கிய இயந்திரத்தை டிராக்டரில் மாட்டி ஓட்டுகிறவள் மயிலாத்தாள். தக்காளிக்கும் தர்பூசணிக்கும் பாத்தியின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறார்களே, அறுவடை முடிந்ததும் அதை மண்ணிலிருந்து எடுப்பதுதான் வேலை. இயந்திரத்தின் இரும்புத் தகடு பாத்தி ஓரத்து மண்ணைத் தளர்த்தும். பின்னாலிருக்கும் உருளை ஷீட்டை இழுத்துச் சுருட்டிக்கொண்டே வரும். மண் ஒட்டாத, காய்ந்த சுருளை ஆலைக்காரர்கள் வாங்கிப் போய்க் கழுவி, அரைத்து, உருக்கித் தண்ணீர்க் குழாயாக்கிவிடுவார்கள். சேறு பூசிய சுருளை வண்டியிலிருந்து இறக்கவே விடமாட்டார்கள்.

போன ஐப்பசியில் மயிலாத்தாளின் செவலைப் பசு வயிறு உப்பிச் செத்தது. மாட்டு டாக்டர் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால், உள்ளே ஒரு கூடை கறுப்பு ஷீட். அழுத கண்ணோடு குழுவின் முன்னால் நின்று சொல்லிவிட்டாள்: "நம்மூரு மாடு குடிக்கிற குட்டைக்கு இனி ஒரு துண்டு ஷீட்டுப் போகாது. அதுக்கு நானாச்சு."

ஆத்திரத்தில் கொடுத்த வாக்கு. இன்று வசமாக மாட்டிக்கொண்டாள்.

மதியம் மூன்று மணி. இன்று இயந்திர முறை நஞ்சப்பனுடையது. ஒன்றரை ஏக்கர் தக்காளி; கனமான ஷீட், இந்தப் பருவத்தில்தான் விரித்தது. காலையிலிருந்து பத்துப் பெண்கள் செடிகளை அறுத்து, சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இனி நாளைக்கு நாற்று நடும்போதுதான் அவர்களுக்கு வேலை. மயிலாத்தாள் சாவியில் கை வைத்தபோது மேற்கே வானம் கறுத்தது. அதே நேரம் பக்கத்துத் தோட்டத்து அருக்காணி, நடுவே குட்டைக்கு ஓடும் ஓடைப் பள்ளத்தில் இறங்கி ஏறி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, எந்தோட்டத்துக்கு வாங்கக்கா! இந்த மழை எறங்குனா அத்தன ஷீட்டும் பள்ளத்துல போயி குட்டையில உளுந்துரும்!"

அதில் மிகையில்லை. அருக்காணியின் அரை ஏக்கர் பள்ளத்தைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது. கணவன் திருப்பூர் மில்லில். இங்கே அவள் தனி ஆள். தர்பூசணிக்கு விரித்த மெல்லிய ஷீட்டை இரண்டு போகம் வெயிலில் போட்டு வைத்துவிட்டு, நாளை மறுநாள் வரும் தன் முறைக்காகக் காத்திருந்தாள். கையோடு ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மயிலாத்தாள் வாங்கி மடக்கினாள். அப்பளம் போல் நொறுங்கி விரலில் ஒட்டியது.

நஞ்சப்பன் டிராக்டருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஏம்புள்ள, மொறை யாருது? விடிஞ்சா நாத்து வந்து எறங்குது. மழையில நனைஞ்சா நாலு நாளைக்கு இந்த ஷீட்டத் தொட முடியுமா? நாத்து வதங்கிச் சாவறதுக்கா வாங்குனேன்? வண்டி அக்கட்டப் போச்சுன்னா இப்பவே ரொட்டவேட்டரக் கூப்புட்டு ஷீட்டோட சேத்து ஓட்டிப்போடுவேன், பாத்துக்க."

சொன்னதைச் செய்கிற மனிதர். மண்ணைக் கொத்திப் புரட்டும் ரொட்டவேட்டரை அப்படி ஓட்டிவிட்டால் ஷீட் ஆயிரம் துண்டாகி மண்ணுக்குள் போய்விடும். பிறகு எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது.

"அண்ணா, வாயில்லாத சீவனுங்கண்ணா" என்று அருக்காணி அழ ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு மொபெட்டில் வந்து இறங்கினார் குழுத் தலைவர் ரங்கசாமி. பஞ்சாயத்து என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். "இதுக்கு எதுக்குச் சண்டை? ஆளுக்குப் பாதி ஓட்டிக் குடு மயிலு. யாருக்கும் மனசு நோகாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளத்தில் டிராக்டர் இறங்காது. பாலத்தைச் சுற்றிப் போய் இயந்திரத்தை இறக்கிச் சரிசெய்யவே அரை மணி நேரம் ஓடிவிடும். மழைக்கு மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நஞ்சப்பன் தோட்டம் ஒன்றுக்கே அது முழுதும் வேண்டும்.

இடி உறுமியது. செவலையின் உப்பிப்போன வயிறும் விறைத்த கால்களும் மயிலாத்தாளின் கண்முன்னே நின்றன. நஞ்சப்பனைத் தள்ளிவிட்டுப் பாலத்துப் பக்கம் பறந்துவிடலாமா என்று தோன்றியது.

இப்போது சொல்லுங்கள். நஞ்சப்பன் முறையைக் கேட்கிறார், அருக்காணி குட்டையைக் காட்டுகிறாள், ரங்கசாமி பங்கு போடச் சொல்கிறார். மயிலாத்தாள் வண்டியை எந்தத் தோட்டத்தில் ஓட்டினால் சரி? ஏன்?

விடை: நஞ்சப்பன் தோட்டத்தில்தான். முறை அவருடையது என்பது காரணமே அல்ல. உருளை இழுக்கும்போது அறாத ஷீட்டைத்தான் இயந்திரம் சுருட்டும். விரல் பட்டே நொறுங்கியதை அது நூறு துண்டாக்கிக் குட்டைக்கு அனுப்பி வைத்திருக்கும். அருக்காணிக்கு வேண்டியது கைகள். வேப்ப மரத்தடியில் இருபது கைகள் சும்மா இருந்தன. அவர்கள் பள்ளத்தைத் தாண்ட ஒரு நிமிஷம் போதும். இயந்திரம் வந்த இரண்டு வருஷத்தில், ஷீட்டைக் கையாலும் எடுக்கலாம் என்பதையே ஊர் மறந்திருந்தது. "உங்க ஆளுக பத்துப் பேரும் அருக்காணி தோட்டத்துல எறங்குனாத்தான் சாவியத் திருகுவேன்" என்றாள் மயிலாத்தாள். நஞ்சப்பன் முறைத்தார். பிறகு, "போங்க புள்ளைகளா, வெரசாப் போங்க" என்றார். மழை பிடித்தபோது இங்கே கடைசிச் சுருள் வண்டியில் ஏறியிருந்தது. அங்கே நான்கு பாத்தி பாக்கி. நஞ்சப்பன் ஒரு தென்னந்தடுக்கைத் தூக்கிக்கொண்டு போய், அருக்காணி தோட்டத்துத் தண்ணீர் பள்ளத்தில் விழும் இடத்தில் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டார். இருட்டும்வரை நனைந்தபடி, வந்து சிக்கிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். மறுநாள் குட்டையில் தண்ணீர் செம்மண் கலங்கலாக நிறைந்திருந்தது. மயிலாத்தாள் கரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மாடுகளுக்கு வழிவிட்டு விலகி நின்றாள்.