மைனா கேட்ட பாதிக் கதை

கோயில் நந்தவனத்து இலுப்பை மரத்தில் வடிவு என்று ஒரு மைனா இருந்தது. கீழ்ப் பொந்தில் அதன் ஒற்றைக் குஞ்சு. மேல் பொந்தில் ஒரு கிழட்டு ஆந்தை. வடிவு அதை மாமா என்றுதான் கூப்பிடும்.

மண்டபத்தில் சாயங்காலம் ஒரு பாகவதர் வந்து பேசுவார். அந்த மாதம் முழுக்க உடம்பைப் பற்றியே பேச்சு. வடிவுக்குப் பக்தி ஜாஸ்தி. ஆனால் என்ன செய்ய, இருட்டினால் மைனாவுக்குக் கண் சொக்கிவிடுமே! 'இந்த உடம்பு ஓட்டைப் பானை, நம்பாதே' என்று அவர் ஆரம்பிப்பதைக் கேட்கும், தூங்கிவிடும். ஆந்தை எழுந்திருப்பதே அதற்கப்புறம்தான். 'இந்த உடம்பு சாமி குடியிருக்கும் கோயில்' என்ற கடைசிப் பேச்சுதான் அதன் காதில் விழும்.

பாதி கேட்டதுகள் ரெண்டும் முழுசாய்த் தெரிந்த மாதிரி நடந்துகொண்டன. வடிவு குஞ்சுக்கு இரை கொடுக்கும், தான் தின்னாது. ஓட்டைப் பானைக்கு எதற்கு உபசாரம் என்று கேட்கும். ஆந்தையோ, கோயிலுக்குக் குறை வைக்கலாமா என்று எலி எலியாய் நைவேத்தியம் பண்ணிற்று.

வடிவு எலும்பும் தோலுமாய்ப் போயிற்று. பறக்க முடியாமல் தத்தித் தத்தித்தான் மரம் ஏறும். அதையும் பெருமையாகவே நினைத்துக்கொண்டது, பாவம்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். வடிவு தரையில் உட்கார்ந்து பாகவதர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. குஞ்சு வீல் என்று கத்திற்று. வடிவு நிமிர்ந்து பார்த்தது. ஒரு சாரைப்பாம்பு பொந்தை எட்டிவிட்டது!

வடிவு சிறகை அடித்தது. எழும்பவில்லை. தன் சிறகுதானா இது என்று திகைத்துப்போயிற்று. மறுபடி அடித்தது. ஒரு முழம் எழும்பித் தொப்பென்று விழுந்தது.

"மாமா, என் பிள்ளையைக் காப்பாத்து!"

ஆந்தை பதறி விழித்துப் பாய்ந்தது. காலையில் எப்படியோ திணித்துக்கொண்டு நுழைந்த வயிறு பொந்து வாயில் சிக்கிக்கொண்டது.

"வெளியே வர முடியலையே வடிவு!"

கீழே ஒன்று, மேலே ஒன்று. ரெண்டும் பார்த்துக்கொண்டே இருந்தன. குஞ்சின் சத்தம் நின்றது. பாம்பு தன் பாட்டுக்கு இறங்கிப் போயிற்று.

அன்றைக்கு வடிவுக்குத் தூக்கம் வரவில்லை. ஆந்தை சிக்கின இடத்திலேயே இருந்தது. முதல்முறையாக ரெண்டும் முழுப் பேச்சையும் கேட்டன.

"ஓட்டைப் பானைதான்," என்றார் பாகவதர். "ஆனால் தவிக்கிற வாய்க்குத் தண்ணீர் மொள்ள உங்களிடம் வேறு என்ன இருக்கிறது? கோயில்தான். ஆனால் கோயில் சுவருக்கே படைத்துக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் சாமியை யார் கவனிப்பது?"

"மாமா, நான் ஒரு பூச்சி தின்றிருந்தால் போதுமே," என்றது வடிவு.



உடம்பை வெறுத்து வாட்டுவதும் பக்தியல்ல, அதையே கொழுக்க வளர்ப்பதும் பக்தியல்ல. இன்னொரு உயிர் கூப்பிடும்போது ஓடிப்போக அதைத் தயாராய் வைத்திருப்பதே பக்தி.