கயிற்றைத் தொட்டவர் பங்கு

கடலும் கரையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே கிடந்த கழிநாட்டை, வெகுகாலத்துக்கு முன் கடம்பவேல் என்றொரு ராசா ஆண்டான். நினைத்தால் ஊரையே தூக்கிக் கொடுப்பான், நினைத்தால் பிடுங்கிக்கொள்வான். எப்போது எதை நினைப்பானோ என்பதே மந்திரி தேனப்பருக்கு நாளெல்லாம் கவலை.

ஒருநாள் உப்பங்கழியிலிருந்து வந்த மடவை மீனை வாயில் வைத்த ராசா, "தூ! மீனா இது? சாயமல்லவா நாறுகிறது!" என்று துப்பினான்.

பக்கத்தில் இருந்தார் ராணியின் அண்ணன் சடாதரர். "எல்லாம் அந்த வலைக்காரர்கள் வேலை, அரசே. குப்பத்தைக் கிளப்பிவிட்டுக் கழியை என்னிடம் ஒப்படையுங்கள்."

"நாளைக் காலை நேரில் வருகிறேன். கழி அழுக்காக இருந்தால் குப்பம் காலி!"

சடாதரரின் சாயப்பட்டறைக் கால்வாய்தான் கழியில் விழுகிறது, ஊருக்கே தெரியும். ஆனால் அதைச் சபையில் சொன்ன பண்டகசாலைக்காரன் இன்னும் சிறையில் கிடந்தான்.

"வருகிறதுதான் வருகிறீர்கள், கரையில் நின்று கயிற்றால் கரைவலை இழுப்பதையும் பாருங்களேன், அரசே," என்று மட்டும் தேனப்பர் சொல்லிவைத்தார். பிறகு குப்பத்துத் தலைவி மங்காத்தாவைத் தேடி ஓடினார்.

"நாளைக்கு உங்க வழக்கத்தை மட்டும் விட்டுடாதே, ஆத்தா."

"ராசாவுக்குமா?"

"ராசாவுக்கும்தான்."

"தலை போனா?"

"முதலில் என் தலை."

மறுநாள் கரையில் வலை இழுக்க நின்ற மங்காத்தாவிடம் ராசா கேட்டான்: "என்னம்மா உங்கள் வழக்கம்?"

"கயித்துல கை வச்சவங்களுக்கெல்லாம் பங்கு உண்டு, மகராசா. வலையில எது வந்தாலும் வேணாம்னு சொல்லக்கூடாது. கை வைக்காதவங்களுக்கு இந்தக் கழியில ஒரு உரிமையும் கிடையாது. ஒரு சொம்புத் தண்ணி மொள்ளவும் கூடாது, ஊத்தவும் கூடாது."

"நல்ல சட்டம்! நானும் இழுக்கிறேன்." ராசா கயிற்றைப் பிடித்ததும், சபையே அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பாய்ந்தது. சடாதரர் மட்டும் பட்டு நனையுமே என்று ஒதுங்கி நின்றார்.

தேனப்பர் கையைப் பிசைந்துகொண்டு கரையில் நடந்தார். சேற்றுக்குப் பதில் நாலு நல்ல மீன் விழுந்துவிட்டால், போட்ட கணக்கே போச்சே! மீன் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வது அவருக்கே பாவமாக இருந்தது.

வலை கனத்தது. "திமிங்கலமோ!" என்று ராசா கூத்தாடினான். கரையேறியது நீலச் சேறு, அழுகிய துணி மூட்டை, உடைந்த சாயப்பானை, வயிறு வெளுத்த மீன்கள்.

மங்காத்தா கூசாமல் முதல் கூடையை நிரப்பி ராசாவின் காலடியில் வைத்தாள். "உங்க பங்கு, மகராசா."

ராசாவின் கண் சிவந்தது.

"எனக்கு இந்தச் சாக்கடையா?"

"அரசருக்கே பங்கு இருக்கும்போது..." என்று இழுத்தார் தேனப்பர். "சடாதரருக்கும் ஒரு கூடை வைக்கலாமே?"

"நான் கயிற்றைத் தொடவே இல்லை!" என்று சடாதரர் கத்தினார். "சபையே சாட்சி!"

"அவரே சொல்லிவிட்டார், அரசே. கழியில் அவருக்கு உரிமை இல்லை. ஒரு சொம்பு ஊற்றக்கூட. அப்படியென்றால் அவர் பட்டறைக் கால்வாய்...?"

சடாதரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிவந்து கயிற்றைப் பற்றினார். "தொட்டுவிட்டேன்! தொட்டுவிட்டேன்!"

"வாங்க சாமி," என்றாள் மங்காத்தா. "அப்போ நீலமெல்லாம் உங்களுக்கே."

ராசா சேற்றைப் பார்த்தான், மைத்துனரைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு வரும்வரை தேனப்பர் பாதி செத்துப்போயிருந்தார்.

ராசா உத்தரவில் கால்வாய் அடைபட்டது. பண்டகசாலைக்காரன் வெளியே வந்தான். பங்காளிகளான பாவத்துக்குச் சபையும், சடாதரரும், குப்பமும், பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து கூடை கூடையாகச் சேற்றை அள்ளினார்கள். மழைக்காலம் முடியுமுன் கழி கடலில் சேரும் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணலையும் வெட்டிவிட்டார்கள். கடல் உள்ளே வந்தது; அதன் பின்னாலேயே இறால் குஞ்சு வந்தது.

"மந்திரிக்கு இந்தக் கரையில் ஒரு தென்னந்தோப்பு!" என்றான் ராசா, மறுபடி கரைவலை இழுத்த நாளில்.

"அது நடக்காது, மகராசா," என்றாள் மங்காத்தா. "இத்தனை நாளும் கரையில குறுக்கும் நெடுக்கும் நடந்து கவலைப்பட்டதைத் தவிர, மந்திரியாரு கயித்தத் தொட்டதே இல்ல."

கரையே சிரித்தது. தேனப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழங்கால் ஆழத்தில் தன் பாதம் தெரிகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்தார். இன்னும் மங்கலாகத்தான் தெரிந்தது. கயிற்றின் கடைசியில், சடாதரருக்குப் பின்னால் போய் நின்று பிடித்துக்கொண்டார்.