சிவப்புத் துணிக்கு ஒரு முத்திரை

வெகு காலத்துக்கு முன்னால், கடலோர ராஜ்யம் ஒன்றைக் கோதண்டவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அவருடைய ஆட்சிக்குள் சங்குத்தீவு என்று ஒரு தீவு. ராஜாவின் பாட்டனார் காலத்தில் அந்தத் தீவு தானாகவே விரும்பி ராஜ்யத்தோடு சேர்ந்தது. சேரும்போது ஓர் உடன்படிக்கை: சண்டை வந்தால் ராஜா பார்த்துக்கொள்வார், தீவின் வழக்கும் கடலும் தீவாருடைய பொறுப்பு. காற்று சரியில்லை என்று பட்டால் தீவின் தலைவி பனைமரத்தில் ஒரு சிவப்புத் துணியை ஏற்றுவாள். அன்றைக்கு ஒரு படகும் கடலில் இறங்காது.

ஒருநாள் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு ராஜா தீவுக்குப் போனார். பனையில் சிவப்புத் துணி பறந்தது.

"படகை இறக்குங்கள்" என்றார் ராஜா.

தலைவி முத்திருளாயி கும்பிட்டாள். "நாளைக்கு வாங்க மகாராசா. இன்னைக்குக் காத்து சரியில்ல."

அவ்வளவுதான். முகம் சிவந்து திரும்பிய ராஜா, மறுநாளே சபையைக் கூட்டினார். அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் அதிகாரியான பூதலிங்கம் முதல் ஆளாக எழுந்தார். மந்திரி காளத்தியப்பரின் புகழைக் கேட்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"பிரபு, தங்கள் கடலில் தங்களுக்கே அனுமதி இல்லையா? தீவின் உரிமையை அடியோடு பிடுங்க வேண்டும். மந்திரியாருக்கு வேறு யோசனை இருந்தால் சொல்லட்டுமே!"

காளத்தியப்பருக்கு எதற்கும் ஒரு யோசனை உண்டு. அது அவருடைய பெருமை. அன்றைக்கு அதுவே வினையாயிற்று. "பிடுங்குவானேன் மகாராஜா? துணியை அவர்களே ஏற்றட்டும். அதில் தங்கள் முத்திரை மட்டும் இருக்கட்டும். தீவுக்கும் மனம் நோகாது, தங்களுக்கும் மதிப்பு."

"பலே!" என்று ராஜா தம் தோள் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினார்.

பூதலிங்கம் விடவில்லை. "ஒரு முத்திரை ஒரு தடவைக்குத்தான். ஏற்றி இறக்கியதும் துணி அரண்மனைக்கு வந்து புது முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாமல் தொழிலை நிறுத்தினால் ராஜத்துரோகம்" என்று ஓலையில் சேர்த்தார். மந்திரி அதைக் கவனித்தார். தோளில் சால்வை இதமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டார்.

தீவாரைச் சம்மதிக்க வைக்கப் போனவரும் அவரேதான். "முத்திரை வந்து சேர்ற வரைக்கும் கடல் சும்மா இருக்குமா சாமி?" என்று முத்திருளாயி கேட்டாள். "ஒரு துணிதானே அம்மா! நான் இருக்கிறேன்" என்றார். அவர் சொன்னதற்காகத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

ஐப்பசியில் ஒரு காற்று வந்தது. துணி ஏறியது, இறங்கியது, முத்திரைக்காக அரண்மனைக்குப் போனது. நல்ல நாள் பார்க்கிறேன் என்று பூதலிங்கம் அதை எட்டு நாள் பெட்டியில் வைத்திருந்தார். அதற்குள் அடுத்த காற்று. முத்திருளாயி வேண்டாம் வேண்டாம் என்று கரையில் நின்று கத்தினாள். "முத்திரை எங்கே?" என்றார்கள் கரையில் காவலுக்கு நின்ற அரண்மனைச் சேவகர்கள். துரோகிப் பட்டத்துக்குப் பயந்து ஏழு பேர் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. ஏழில் ஒருவன் அவளுடைய மகன்.

அவள் சபைக்கு வந்தாள். "பழைய வழக்கத்தையே குடுங்க மகாராசா. வேற ஒண்ணும் வேண்டாம்."

"காற்று செய்த காரியத்துக்கு முத்திரை என்ன செய்யும்? அது ஒரு பாரமா?" என்றார் பூதலிங்கம்.

"அதானே!" என்றார் ராஜா.

காளத்தியப்பர் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. "பாரமில்லை என்றால் மகாராஜாவும் ஒரே ஒரு நாள் சுமந்து பார்க்கலாமே. நாளை ஊர்வலத்தில் இந்த அம்மாவின் முத்திரை வந்த பிறகுதான் தங்கள் குடையை விரிக்க வேண்டும். அம்மா துறைமுகத்தில் தம் படகில் இருப்பார்."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். "ஒரு குடைதானே! சரி!" என்று சிரித்தார்.

மறுநாள் ஊர்வலம் பாதி வழியில் போகும்போது மழை கொட்டியது.

"குடையை விரி!"

"முத்திரை வரலையே மகாராஜா" என்றான் குடைக்காரன், மடக்கிய குடையைப் பிடித்தபடி.

பூதலிங்கம் குடைக்குக் கை நீட்டினார். "முத்திரை இல்லாமல் தொட்டால் ராஜத்துரோகம் ஆயிற்றே ஓலைக்காரரே! நீர் எழுதியதுதானே?" என்றார் மந்திரி. நீட்டிய கை மடங்கியது.

துறைமுகத்துக்கு ஆள் ஓடினான். கிரீடத்திலிருந்து தண்ணீர் ஒழுக, ராஜா தும்மலுக்கு மேல் தும்மல் போட்டார். ஊர் ஜனம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

"நனைவது என் தலை! குடை விரிக்க நான் எங்கோ இருப்பவரைக் கேட்க வேண்டுமா?"

"தீவும் அதைத்தான் கேட்டது மகாராஜா" என்றார் காளத்தியப்பர்.

ராஜா அங்கேயே, மழையிலேயே, முத்திரைச் சட்டத்தை ரத்து செய்தார். பூதலிங்கத்தின் பதவியைப் பறித்து, தீவுக்குப் போய்ப் படகுக் கயிறு திரிக்கச் சொன்னார். தம் கழுத்து மாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஜனங்களிடமிருந்து வெடித்து வந்தது. மந்திரியின் புத்தியை ஊரே மெச்சியது.

அப்போதுதான் முத்திருளாயி வந்து சேர்ந்தாள். நடந்ததைச் சொன்னார்கள். அவள் சிரிக்கவில்லை. நேரே மந்திரியிடம் போனாள்.

"இம்புட்டுத்தானா சாமி? ஒரு குடைய மூடி வச்சா முடிஞ்சு போற காரியமா இது?"

"ஆமாம் அம்மா."

"அப்போ இத ஓலை எழுதின அன்னைக்கே செஞ்சிருக்கலாமே?"

எந்தச் சபையிலும் பதில் தேடி நின்றறியாத காளத்தியப்பர், மாலையோடு மழையில் அப்படியே நின்றார். அவள் முத்திரையில்லாத ஒரு சிவப்புத் துணியைக் கேட்டு வாங்கி, நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு படகுக்குத் திரும்பினாள்.