குளத்தில் வாய் வைக்காத பச்சோந்தி

மரமும் மிருகமும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், பனி மூடிய ஒரு மலையில் வரையன், நொய்யன் என்று இரண்டு பச்சோந்திகள் இருந்தார்கள். அண்ணன் தம்பி. கொம்பு கிம்பு ஒன்றும் கிடையாது. எல்லோரையும் போலக் குளத்தில்தான் தண்ணீர் குடிப்பார்கள். நொய்யன் சரியான நோஞ்சான். போகிற வருகிற பாம்பெல்லாம் அவனைப் பார்த்து நாக்கை நீட்டும். வரையன் ஓடிவந்து தம்பிக்கு முன்னால் நின்றுகொள்வான்.

ஒருநாள் வரையன் உச்சிவரை ஏறி, அந்த மலையைக் காக்கும் மலைத்தாயின் முன்னால் போய் நின்றான்.

"தாயே, என் தம்பியைக் காப்பாற்ற எனக்கு ஏதாவது ஆயுதம் கொடு."

"ஏண்டா, உன் ஒரு கண் கிழக்கே போகிறது, இன்னொன்று மேற்கே போகிறது. எதையாவது நிதானமாகப் பார்த்திருக்கிறாயா? உனக்கு ஆயுதமா!" என்று மலைத்தாய் சிரித்தாள்.

அவனோ விடுவதாக இல்லை. கடைசியில் அவள் மனமிரங்கி, மூக்கில் ஒன்று, கண்களுக்கு மேலே இரண்டு என்று மூன்று கொம்புகளைத் தந்தாள்.

அடேயப்பா, திரும்பி வந்த வரையனின் நடையைப் பார்க்க வேண்டுமே! பாம்புகள் வழிவிட்டு ஒதுங்கின.

"அண்ணா, இனி எனக்குப் பயமே இல்லை. வா, தண்ணீர் குடிக்கப் போவோம்" என்றான் நொய்யன்.

குளத்தின் மேல் சாய்ந்திருந்த காய்ந்த கிளையில் இருவரும் இறங்கினார்கள். நொய்யன் குனிந்து குடித்தான். வரையன் எட்டிப் பார்த்தான். தண்ணீருக்குள் தம்பியின் முகம். அதை ஒட்டி, மூன்று கொம்போடு ஒரு முரடன்! தன் புது முகத்தை அவன் அதுவரை பார்த்ததில்லையே, பாவம்.

"என் தம்பி பக்கத்தில் உனக்கென்னடா வேலை?" என்று சீறிப் பாய்ந்தான்.

கிளை முறிந்தது. இருவரும் விழுந்தார்கள். வரையனின் கொம்புகள் கரையோர வேரில் மாட்டிக்கொண்டன, அவன் பிழைத்தான். நொய்யனுக்குக் கொம்பு இல்லை.

"நொய்யா! டேய் நொய்யா!" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. துக்கத்தில் வரையனின் உடம்பெல்லாம் கருத்தது. தாகம் உயிரை வாங்கியும் அந்தத் தண்ணீரில் அவன் வாய் வைக்கவில்லை. மலைத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. பனியை இறக்கி, இலைகளில் துளித்துளியாகச் சொட்டவிட்டாள்.

"இதைக் குடிடா. இதில் யார் முகமும் தெரியாது."

அவன் நக்கிக் குடித்தான். பிறகு இன்னொரு பச்சோந்தி அருகில் வந்தாலே விலகிப் போனான். முன்னும் பின்னும் ஆடி ஆடி, கிளை தாங்குமா என்று பார்த்துத்தான் அடியெடுத்து வைத்தான்.

அன்று முதல்தான் மூன்று கொம்புப் பச்சோந்தி தனியாக வாழ்கிறது. வளர்ப்பவர்கள் கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தாலும் சீந்தாது. இலைமேல் தெளித்தால்தான் குடிக்கும். அதன் கூண்டருகே கண்ணாடியை மட்டும் வைத்துவிடாதீர்கள். உடம்பெல்லாம் கருத்துப்போகும். அதில் தெரிகிற முரடனை அது இன்னும் மன்னிக்கவில்லை.