ஊதா வெளுத்த குழாய்

ஆசீர்வாதத்தால் அன்று உட்கார முடியவில்லை. ஆய்வகத்தின் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். காட்டுக் களாப்பழச் சாற்றுக்கு, செல்களைக் கெடுக்கும் பொருள்களை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றல் எவ்வளவு என்று ஆய்வு செய்ய மூன்று வருடம் முன்பு பல்கலைக்கழகப் பேராசிரியர் சண்முகவடிவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். சண்முகவடிவு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

போன மாதம் ஆசீர்வாதத்தின் மனைவி புஷ்பத்துக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பதினோரு நாள் முன்பு ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்து ஏறத் தொடங்கியதிலிருந்து அவர் ஆய்வகமே கதியென்று கிடந்தார்.

சண்முகவடிவு உள்ளே வந்ததும் ஆசீர்வாதம் நோட்டை நீட்டினார்.

"பாருங்க மேடம். வைட்டமின் சி-யைவிட வேகமா ஊதாக் கரைசலை வெளுக்க வைக்குது. மூணு தடவை செஞ்சு பார்த்துட்டேன்."

"நல்ல முடிவு."

"புஷ்பத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?"

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் சிவப்பாகச் சாறு இருந்தது.

"டாக்டரைக் கேட்டீங்களா சார்?"

"கேட்டா வேண்டாம்பாரு. ஏற்கெனவே சொல்லிட்டாரு, மருந்து ஏறும்போது வேற எதையும் கலக்கக் கூடாதுன்னு."

சண்முகவடிவு ஒரு சோதனைக் குழாயில் ஊதா நிறக் கரைசலை ஊற்றினார். பாட்டில் சாற்றிலிருந்து சில சொட்டுகளை அதில் விட்டார். ஊதா மெல்ல வெளுத்து மஞ்சளானது. குழாயை அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப யாருக்குக் குணமாச்சு சார்?"

ஆசீர்வாதம் குழாயையே பார்த்தார். "குழாய்க்கு," என்றார்.

பிறகு சட்டென்று கோபம் வந்தது. "அப்போ பதினோரு நாளா நான் செஞ்சதெல்லாம் வீணா?"

"இல்ல. குழாயில நடந்தது உண்மை. எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். உடம்புக்குள்ள என்ன செய்யும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

ஆசீர்வாதம் மறுபடி நடந்தார். மேசையில் கிடந்த போன் அடித்தது. எடுத்துப் பேசினார். "ம்... ம்... இங்க வேலை முடியட்டும், வரேன்," என்று சொல்லி வைத்தார்.

"யாரு சார்?"

"மச்சினி. ஆஸ்பத்திரியில கூட இருக்கா."

"என்ன சொல்றாங்க?"

"புஷ்பத்துக்கு வாயெல்லாம் கசக்குதாம். முடி கொட்ட ஆரம்பிச்சிருச்சாம். நான் எப்ப வருவேன்னு கேட்டாளாம். நேத்தும் கேட்டா."

"போகலையா?"

"எப்படி மேடம் போறது? முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கேன். அவ பக்கத்துல சும்மா உட்கார்ந்து அந்த பாட்டில்லருந்து மருந்து சொட்டுறதையே பார்த்துக்கிட்டு இருக்கணும். என்னால முடியல. அவளுக்கு ஏதாவது ஒண்ணு கொண்டு போகணும்."

சண்முகவடிவு சாற்றுப் பாட்டிலை இறுக மூடி ஆய்வகக் குளிர்பெட்டிக்குள் வைத்தார். குழாயைக் கழுவினார். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"வாங்க, நான் கொண்டு விடுறேன்."

"வெறுங்கையோட போய் அங்க என்ன செய்வேன் மேடம்?"

"எப்ப வருவீங்கன்னுதானே சார் கேட்டாங்க? என்ன கொண்டு வருவீங்கன்னு கேட்கலையே."