யார் வீட்டுப் பிடி அரிசி

செந்தட்டிவிளைக் கத்தோலிக்கப் பங்கில் குருவுக்கு வயது குறைவு. சீடருக்குத்தான் தலை நரைத்திருந்தது. ரபேல் சாமியார் அந்தக் கோயிலுக்கு வந்த நாளிலிருந்து உபதேசியார் சந்தியாகு தம் சந்தேகங்களையெல்லாம் அவரிடமே கொண்டுபோவார். ஊர் சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை வந்து நின்றார்.

"சாமி, புதன்கிழமை எனக்கு நெஞ்சுல ஆப்பரேஷன். அதுக்கு முன்னால ஒரு ஆளைப் பாத்துக் கும்பிடணும்."

"யாரை?"

"அதுதான் தெரியல."

உபதேசியார் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அதன்பிறகு அம்மையும் பிள்ளைகளும் கோயில் பிடி அரிசியில்தான் உயிர் பிழைத்தார்கள்.

பிடி அரிசி அந்தப் பங்கின் பழைய வழக்கம். மழை பொய்த்த ஒரு வருஷம் பெண்கள் தாங்களாகவே தொடங்கியது. உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிறு பூசைக்கு வரும்போது முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கோயிலில் இருக்கும் பெரிய மண் குதிரான குலுக்கையில் கொட்டுவார்கள். இல்லாதவர்கள் உபதேசியார் கையால் அதிலிருந்து வாங்கிப்போவார்கள். இடையில் வெளிநாட்டிலிருந்து கப்பலேறிக் கோதுமை வந்தது, பால்பவுடர் வந்தது. அந்த மூட்டைகளில் கொடுத்தவர் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவையெல்லாம் வந்த மாதிரியே நின்றும் போயின. பேரில்லாத பிடி அரிசி மட்டும் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது.

"எங்களுக்குச் சோறு போட்ட வீடு எதுன்னு தெரியாமலே போயிருவேனோன்னு பயமா இருக்கு, சாமி."

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் குலுக்கைக்கிட்ட வாங்க. ஒரு சுளகும் கொண்டாங்க."

மறுநாள் குலுக்கை நிறைந்திருந்தது. சாமியார் அதிலிருந்து ஒரு படி அரிசியை அள்ளி, உபதேசியார் கொண்டுவந்த முறத்தில் கொட்டினார்.

"இதை வீடு வீடாப் பிரிச்சு வைங்க. பிரிச்சிட்டா, யாரைக் கும்பிடணும்னு நான் சொல்லுதேன்."

உபதேசியார் லேசில் விடுகிற ஆளா? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிவப்பரிசி தனியே, புழுங்கல் தனியே, பச்சரிசி தனியே, ரேஷன் அரிசி தனியே. கொஞ்ச நேரத்தில் முழி பிதுங்கியது. ரேஷன் அரிசி பாதி ஊரில் வேகிறது. அதில் எந்த மணி எந்த வீட்டது?

அப்போது பவுலாள் பாத்திரத்தோடு வந்தாள். புருஷன் போனபிறகு பிள்ளைகளோடு கோயில் அரிசியை நம்பி இருப்பவள். வாங்க வந்தவள் முதலில் மடியை அவிழ்த்து ஒரு பிடி அரிசியைக் குலுக்கைக்குள் போட்டாள்.

உபதேசியார் எத்தனையோ முறை பார்த்ததுதான். வாங்குகிற வீடும் ஒரு பிடி போடும். அதுதான் அங்கே வழக்கம். அன்று மட்டும் அவர் கை சுளகிலேயே நின்றுவிட்டது.

"எங்கம்மையும் போட்டா, சாமி. எங்களுக்குப் பொங்குத அரிசியில இருந்தே எடுத்துப் போட்டா. நான் பசியில அவகூடச் சண்டை பிடிப்பேன்."

"அந்தப் பிடியைத் தின்னது யாரு?"

"அது யாருக்குத் தெரியும்?"

"அந்த ஆளும் இப்பம் உங்களைத்தான் தேடிக்கிட்டு இருப்பாரு."

உபதேசியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரித்து வைத்ததையெல்லாம் கையாலேயே ஒன்றாகக் கலந்து குலுக்கைக்குள் திரும்பக் கொட்டினார். ஊரே கூடித் தன்னை வளர்த்திருக்கிறது என்ற சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை. குலுக்கையைப் பார்த்து இரண்டு கைகளையும் குவித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"உலை வச்சிட்டு வந்திருக்கேன், சாமி," என்றாள் பவுலாள் மெல்ல.

அது உபதேசியார் காதில் விழவில்லை.

"இனி நான் யாரைக் கும்பிட்டாத் தீரும், சாமி?"

சாமியார் அந்தக் குவித்த கைகளைப் பிடித்து, நோகாமல் பிரித்தார்.

"கும்பிட்ட கையால அள்ள முடியாது, உபதேசியாரே. அந்தப் பிள்ளை உலை வச்சிட்டு வந்திருக்கு."