மாப்பிள்ளை ஒண்ணாப்பு பாஸ்

அம்மிக்கல்பட்டி எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களிடமே கேட்டுப் பார்த்தாகிவிட்டது. "இங்கதான்" என்று காலுக்குக் கீழே காட்டுகிறார்கள். சந்தைக்கு வந்த இடத்தில் கேட்டாலும் காலுக்குக் கீழேதான் காட்டுகிறார்கள். தங்கமான ஜனங்கள். சொன்னதைச் சொன்னபடி அப்படியே செய்வார்கள். அவர்களோடு தொல்லையே அதுதான்.

அந்த ஊரில் சடையாண்டி என்று ஒருத்தன். முப்பது வயசு, ஆறடி உயரம், அம்மி கொத்துகிற தொழில். பக்கத்து ஊருக்குப் பொண்ணு பார்க்கப் போனான். தவமணி காபித் தட்டோடு வந்து நின்றதுதான் தாமதம், சடையாண்டிக்கு நெஞ்சுக்குள் உரல் உருண்ட மாதிரி ஆகிவிட்டது. "எடுத்துக்கங்க" என்றாள். அவன் காபியை விட்டுவிட்டுத் தட்டையே வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் கட்டையில் போவது என்று அந்த இடத்திலேயே முடிவும் பண்ணிவிட்டான்.

தவமணி வெடுக்கென்று பேசுகிறவள். "நான் ரெண்டாப்பு பாதி வரைக்கும் படிச்சவ. எனக்கு வர்றவரு ஒண்ணாப்பாவது பாஸாகியிருக்கணும். பாஸாயிட்டு வரட்டும், கழுத்தை நீட்டுறேன். இல்லேன்னா இந்தக் காபியோட சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும் வழியில் சடையாண்டிக்கு அழுகை முட்டியது. கூட வந்த தோழர்கள் ரெண்டு பேர். ஒச்சப்பன் ஊருக்கே யோசனை சொல்கிறவன். மொக்கையன் அந்த யோசனையை முதல் ஆளாக நம்புகிறவன்.

"இதுக்கு ஏன்டா மூக்கைச் சிந்துற? நாளைக்கே பள்ளிக்கூடத்துல சேந்துருவோம்" என்றான் ஒச்சப்பன்.

"நாம எதுக்கண்ணே? பொண்ணு அவனுக்குத்தானே?" என்றான் மொக்கையன்.

"கல்யாணக் காரியத்துக்கு மாப்பிள்ளை தனியாப் போற வழக்கம் நம்ம ஊர்ல உண்டா?"

"இல்லை."

"இவன் பள்ளிக்கூடம் போறது எதுக்கு?"

"கல்யாணத்துக்கு."

"அப்புறம் என்னடா கேள்வி?"

மறுநாள் மூன்று பேரும் குளித்து, எண்ணெய் வைத்து, படிய வாரி, ஆளுக்கொரு மஞ்சப்பையோடு பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றார்கள். சின்னப் பள்ளிக்கூடம். எல்கேஜியிலிருந்து ரெண்டாப்பு வரைக்கும் ஒரே ஹால், ஒரே ரெஜினா டீச்சர். டீச்சர் நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, பிள்ளைங்களைச் சேர்க்க வந்தீங்களா?" என்றார்.

"நாங்கதான் டீச்சர் பிள்ளைங்க" என்றான் சடையாண்டி.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, விளையாட்டாக ஒன்று சொன்னார். "அந்தக் காலத்துல ஒண்ணாப்புல சேரணும்னா ஒரு பரீட்சை உண்டு. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடணும். தொடுங்க பார்ப்போம்."

மூவரும் ஓரமாகப் போய்க் கலந்து பேசினார்கள்.

"காதைத் தொடச் சொன்னாங்களே, யாரு காதைன்னு சொல்லலையே" என்றான் மொக்கையன்.

"அவனவன் காதை அவனவன் தொடுறதுக்குப் பேரு பரீட்சையா? அடுத்தவன் காதைத்தான் சொல்றாங்க" என்றான் ஒச்சப்பன்.

சடையாண்டி ஒச்சப்பன் காதைப் பிடித்தான். ஒச்சப்பன் மொக்கையன் காதைப் பிடித்தான். மொக்கையன் சுற்றி வந்து சடையாண்டி காதைப் பிடித்தான். "தொட்டாச்சு டீச்சர்!" என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

"சரி, விடுங்க."

விடுவது யார் முதலில்? "என் காதை நீ விடு, அவன் காதை நான் விடுறேன்" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு அந்த வட்டம் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் எல்கேஜிப் பிள்ளைகள் கூடி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டித்தான் பிரித்தெடுத்தார்கள். டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனால் போகிறது, உட்காரட்டும் என்று சேர்த்துக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

முதல் நாளே டீச்சர் சட்டதிட்டங்களைச் சொன்னார். "பையில்லாம எங்கயும் வரக் கூடாது. வீட்டுப்பாடம் குடுத்தா வீட்டுல செஞ்சு மறுநாள் கொண்டாந்து காட்டணும். சரியா இருந்தா ரைட் போட்டு நெத்தியில ஸ்டார் ஒட்டுவேன். தப்பா இருந்தா அதையே பத்துத் தடவை செய்யணும். மணி அடிக்காம யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. மணி அடிச்சா ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது. பையை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போகணும், யாரு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது."

சடையாண்டி ஒவ்வொரு சொல்லையும் தவமணியின் முகத்தை நினைத்துக்கொண்டே மனப்பாடம் பண்ணினான். சாயங்காலம் மணி அடித்தது. மூவரும் நேராக நடந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் நடுவில் கண்மாய். கரையோடு போனால் சுற்று. ஆகவே தண்ணீரில் இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்தளவு ஆழத்தில் நேராகவே போனார்கள். கரையிலிருந்து ஒச்சப்பனின் மச்சினன், "ஏய், அங்கிட்டுச் சகதிடா!" என்று கத்தினான். ஒருத்தராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே!

ரெண்டாவது நாள் பிள்ளைகள் சத்தம் தாங்காமல் டீச்சர், "எல்லாரும் கையைக் கட்டி வாயைப் பொத்துங்க!" என்றார். பிள்ளைகள் வழக்கம்போல ஒரு கையை மடக்கி, ஒரு விரலை உதட்டில் வைத்தார்கள். நம்மவர்கள் ரெண்டு கையையும் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கையைக் கட்டியாச்சு. இப்ப எதை வச்சு வாயைப் பொத்துறது?" என்றான் சடையாண்டி.

"அடுத்தவன் பொத்திவிடணும்" என்றான் ஒச்சப்பன்.

"அவன் கையும் கட்டித்தானே இருக்கு?"

ரொம்ப நேரம் வாதம் நடந்தது. பிறகு டீச்சர் திரும்பிப் பார்த்தபோது, மூவரும் கையைக் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக வாயை அழுத்தி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். புதுசாக வெள்ளையடித்த சுவர். அன்று மத்தியானம் வரைக்கும் மூவருக்கும் வெள்ளை மீசை.

அடுத்தது விதை. டீச்சர் ஆளுக்கு ஒரு பிடி மொச்சையைக் கொடுத்து, "விதை முளைக்கணும்னா தண்ணி, வெயில், காத்து மூணும் வேணும். வீட்டுல வச்சுப் பார்த்து, என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் எல்லாரும் கொட்டாங்கச்சியில் மண்ணைப் போட்டு ஊன்றினார்கள். அம்மிக்கல்பட்டியில் அப்படியெல்லாம் அவசரப்படுவதில்லை. சொன்ன வரிசைப்படி செய்தார்கள். முதலில் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். அப்புறம் மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டார்கள். அப்புறம் முறத்தில் போட்டுக் காற்றில் புடைத்தார்கள்.

"ஊறிருச்சு, காஞ்சிருச்சு, புடைச்சாச்சு. அப்புறம் என்ன பண்ணுவாங்க?" என்றான் மொக்கையன்.

"இது தெரியாதா? அரைக்கணும்" என்றான் சடையாண்டி. அவன்தான் அம்மிக்காரன் ஆயிற்றே.

நாலைந்து நாள் கழித்துப் பிள்ளைகள் சின்னச் சின்ன முளைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். இவர்கள் ஒரு தூக்குவாளி நிறைய மொச்சை அடை கொண்டுவந்து காட்டினார்கள். டீச்சர் ரெண்டு அடை சாப்பிட்டார்.

இப்படியே வருஷம் ஓடியது. சடையாண்டி சும்மா சொல்லக் கூடாது, உயிரைக் கொடுத்துப் படித்தான். 'அ' போடும்போது சுழி பெரிதாகி சிலேட்டைத் தாண்டித் தரைக்குப் போய்விடும். தரையிலிருந்து திரும்பி வர வழி தெரியாமல் உட்கார்ந்திருப்பான். பாஸாகாவிட்டால் தவமணியை வேறு எவனாவது கட்டிக்கொண்டு போய்விடுவானே என்று அவனுக்கு ஒரே பயம். பரீட்சை முடிந்த அன்று டீச்சர் முன்னால் போய்க் கைகூப்பி நின்றான். மூக்கை உறிஞ்சினான்.

"அழாதீங்க அண்ணே. ஒண்ணாப்புல யாரையும் பெயிலாக்கக் கூடாதுன்னு சட்டம். மூணு பேரும் பாஸ். ஆனியில ரெண்டாப்புக்கு வந்துருங்க" என்றார் டீச்சர்.

சடையாண்டி அப்போதுதான் நன்றாக அழுதான்.

சொன்ன சொல் தவறாத பெண் தவமணி. ஆனி மாசத்தில் அம்மன் கோயிலில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அன்று ஒரு நாள் மட்டும் டீச்சரிடம் லீவு சொல்லிவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, தோளில் மஞ்சப்பையோடு மணையில் உட்கார்ந்தான். தோழர்கள் தோளிலும் பை.

"அந்தப் பையை இறக்கி வையுங்களேன்" என்று தவமணி காதோரம் சொன்னாள்.

"பையில்லாம எங்கயும் வரக் கூடாது" என்றான் சடையாண்டி. படித்த மாப்பிள்ளை என்று அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். தாலியை எடுத்துச் சடையாண்டி கையில் கொடுத்தார். தவமணி தலையைக் குனிந்தாள். அவன் கை அவள் கழுத்தருகே போயிற்று. நல்ல நேரம் பார்த்துப் பூசாரி கோயில் மணியை அடித்தார்.

டண், டண், டண்!

சடையாண்டி எழுந்துவிட்டான். தாலியைப் பைக்குள் போட்டான். ஒச்சப்பனும் மொக்கையனும் ஏற்கெனவே எழுந்து நின்றார்கள். மூவரும் நேராக நடந்தார்கள். நேர் வழியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. இலைக்கும் இலைக்கும் நடுவே கால் வைத்து, பாயச அண்டாவைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். "ஏய் மாப்ள! அடேய் மாப்ள!" என்று ஊரே கத்தியது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. தவமணியின் அப்பா அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டார். தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேர் முன்னால் வெறுங்கழுத்தோடு நிற்பது என்றால் சும்மாவா? கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, அவளும் நடந்தாள்.

வீட்டில் சடையாண்டி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான்.

"என்னய்யா நினைச்சிக்கிட்டு இருக்க?" என்று வாசலில் வந்து நின்றாள் தவமணி. அவளுக்குப் பின்னால் ரெண்டு ஊர் ஜனம்.

"மணி அடிச்சிருச்சே தவமணி! இன்னும் கொஞ்சம் பொறுத்து அடிச்சிருந்தா நான் கட்டியிருப்பேன். நான் என்ன பண்ணட்டும்?"

ரெண்டாப்பு பாதி படித்தவள் இல்லையா? ஒரு நிமிஷம் யோசித்தாள். "சரி. மணி அடிச்சது, வீட்டுக்கு வந்தாச்சு. அங்க முடிக்காத வேலையை வீட்டுல செஞ்சா அதுக்கு என்ன பேரு?"

சடையாண்டி முகம் பூத்துவிட்டது. "வீட்டுப்பாடம்!"

"பின்ன செய்யுங்க."

அவன் தாலியை எடுத்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவளே எண்ணிக் கொடுக்க, மூன்று முடிச்சும் போட்டான். வாசலில் பெண்கள் குலவை போட்டார்கள்.

இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தோழர்களுக்கு முகம் செத்துவிட்டது.

"அண்ணே, வீட்டுப்பாடம்னா வகுப்புக்கே பொதுதானே?" என்றான் மொக்கையன்.

"ஆமடா. நாளைக்குக் காட்டணும். என் பொண்டாட்டிக்கு எப்பவோ கட்டியாச்சு. பழைய பாடத்தைக் காட்டினா டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க" என்றான் ஒச்சப்பன். ரெண்டு பேரும் மஞ்சக் கயிறு தேடி ஓடினார்கள்.

மறுநாள் காலையில் ரெஜினா டீச்சர் முன்னால் வரிசை நின்றது. முதலில் சடையாண்டி, தவமணியோடு. "வீட்டுப்பாடம் டீச்சர்." டீச்சர் வாயைப் பிளந்தார். பிறகு சந்தோஷம் தாங்காமல் ரெண்டு பேர் நெற்றியிலும் ஸ்டார் ஒட்டினார். அடுத்து ஒச்சப்பன், தோளில் அம்மிக்கல்லோடு. அம்மிக்கு மஞ்சக் கயிறு, மூன்று முடிச்சு. "பார்த்துச் செய்யல டீச்சர், நானாத்தான் செஞ்சேன்" என்றான். அவனுக்கும் ஒரு ஸ்டார். கடைசியில் மொக்கையன், ஒரு பூசணிக்காயோடு. டீச்சர் முடிச்சை எண்ணிப் பார்த்தார். ரெண்டுதான் இருந்தது.

"தப்பு. பத்துத் தடவை செஞ்சு..." என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் மொக்கையன் நூல்கண்டோடு வெளியே போய்விட்டான்.

தவமணி வீட்டுக்குப் போகவில்லை. "எனக்கும் ரெண்டாப்பு பாதி பாக்கியிருக்கு டீச்சர்" என்று சொல்லி, சடையாண்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சிலேட்டில் ரெண்டு பேரும் எழுதினார்கள். அன்றைக்குத்தான் சடையாண்டியின் 'அ' சிலேட்டுக்குள் அடங்கியது.

மொக்கையன் சாயங்காலம்தான் வந்தான். சத்துணவு அண்டாவுக்குக் கட்டியிருந்தான். தண்ணீர்க் குழாய்க்கு, வேப்பமரத்துக்கு, டீச்சரின் நாற்காலிக்கு, ஸ்கூட்டிக்கு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் கட்டியிருந்தான். எல்லாவற்றிலும் மும்மூன்று முடிச்சு. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போனால் போதும் என்று மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

சத்தம் வரவில்லை. அண்ணாந்து பார்த்தார். பத்தாவது தாலி மணியின் நாக்கில் இருந்தது.

"எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார் டீச்சர்.

"மணி அடிக்கலையே டீச்சர்" என்றான் சடையாண்டி, தவமணியை இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்துகொண்டு.

"அந்தக் கயிறை அவுத்துவிடுங்கப்பா, அடிக்கிறேன்!"

ஹாலே அதிர்ந்துபோயிற்று. ஒச்சப்பன் மெதுவாக எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"கட்டின அன்னைக்கே தாலியை அவுக்கிறதா? படிச்சவங்க நீங்க பேசுற பேச்சா டீச்சர் இது?"

"அதானே!" என்றாள் தவமணி.